கழுத்து பார்த்தவனின் கழுத்து

ஆலகாலத்தைக் கண்டத்திலேயே நிறுத்தி, தலைக்கு ஏறாமலும் வயிற்றுக்கு இறங்காமலும் காத்து நிற்கும் அவிநாசியப்பனின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். கழுத்தில் ஒன்று சிக்கிக்கொண்டால் என்னென்ன நேரும் என்பதை அனுபவத்தால் அறிந்த தெய்வம் அவன் ஒருவனே. ஆகவே இதனை அவன் முன்னிலையில் எழுதுவதே முறை.

பனியன் தொழிலில் ஒரு சட்டையின் தலைவிதி அதன் கழுத்தில் இருக்கிறது. உடம்பு நீளம் ஒரு விரற்கடை கூடினால் மடித்துவிடலாம். கை கோணினால் அயர்ன் போட்டுச் சமாதானப்படுத்தலாம். கழுத்துப் பட்டி இறுகிப்போனால் அந்தச் சட்டைக்குள் எந்தப் பிள்ளையின் தலையும் நுழையாது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் செக்கிங் பிரிவில் முப்பது ஆண்டுகளாக நான் செய்துவரும் பணி, அத்தகைய கழுத்துகளைக் கண்டுபிடித்துத் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவது. தையல் மிஷினுக்கோ கணிப்பொறிக்கோ கைப்பேசிக்கோ கழுத்தை எழுதிக்கொடுத்துவிட்ட அன்பர்களே, நாம் ஒரே மேசையில் குனிந்தவர்கள். என் கதையை நீங்கள் கேட்பது பொருத்தமே.

தாடைப் பிடி

ஒரு சட்டையைச் சோதிக்க மூன்று கைகள் வேண்டும். தோளைத் தூக்கிப் பிடிக்க ஒன்று, தையலை இழுத்துப் பார்க்க ஒன்று, அளவு நாடாவுக்கு ஒன்று. படைத்தவன் இரண்டோடு நிறுத்திக்கொண்டமையால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஓர் உபாயம் கண்டேன். சட்டையை என் இடத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொள்வேன். தலை இடப்புறம் திரும்பித் தாழ்ந்து நிற்கும். கைகள் இரண்டும் விடுதலை பெற்றுப் பக்கத் தையல், அடி மடிப்பு, கழுத்துப் பட்டி என்று ஓடிவரும். மற்றவர் ஒரு சட்டை பார்க்கும் நேரத்தில் நான் இரண்டு பார்த்தேன்.

இதற்குத் தாடைப் பிடி என்று பெயர் வந்தது. மெல்ல மெல்ல மேசையிலிருந்த எல்லோரும் இதைக் கைக்கொண்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் காற்றுக்குச் சாய்ந்த சோளக்காடு போல அத்தனை தலைகளும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது. நாள்தோறும் காலையில் அவிநாசிக் கோவிலில் பதிகம் ஓதும்போது தன்முனைப்பைச் சுடச்சொல்லி வேண்டுகிறவன், செக்கிங் மேசையில் அதை நன்றாகவே வளர்த்துவந்தேன். சூப்பர்வைசர் பழனிசாமி புதிதாக வருபவர்களை என்னிடம் அழைத்துவந்து காட்டுவார்:

“நல்லாப் பாத்துக்கங்க. அய்யாவுக்கு மூணு கைங்க. ஒண்ணை ஆண்டவன் தாடையில வெச்சுட்டானுங்க.”

நிற்காத மிஷின்

சென்ற ஆண்டு ஒரு நாள் என் இடக் காதில் ஒரு சத்தம் தொடங்கியது. உஸ், உஸ், உஸ் என்று, காற்றடைத்த குழாயில் எங்கோ கசிவு இருப்பது போல. எங்கள் கட்டடத்தில் கம்ப்ரசர் இருப்பதால் எனக்கு ஐயமே எழவில்லை. மெக்கானிக்கை அழைத்து, கசிவு இருக்கிறது, கவனியுங்கள் என்றேன். நல்ல மனிதர். குழாய் முழுவதிலும் சோப்பு நீர் தடவிப் பார்த்தார், குமிழி வரவில்லை. நான் விடவில்லை. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று மூன்று நாள் புகார் செய்தேன்.

நான்காம் நாள் உணவு இடைவேளையில் அவர் கம்ப்ரசரை அணைத்தார். பிறகு மின்விசிறிகளை அணைத்தார். பிறகு மெயினையே இறக்கினார். தூண் மேலிருந்த புறா நகர்வதுகூடக் கேட்குமளவுக்கு அமைதி. என் காதில் மட்டும் உஸ், உஸ். நாடித் துடிப்பும் அதுவும் ஒரே தாளத்தில் போவதை அப்போதுதான் கவனித்தேன். இன்னும் கேட்கிறது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையுடன் சொன்னார்:

“எல்லாத்தையும் நிறுத்திட்டேனுங்க. இனி ஓடறது உங்க தலை மட்டுந்தானுங்க.”

ஊரே வைத்தியர்

சத்தத்தைத் தொடர்ந்து தலைவலி வந்தது. பிறருக்கு உழைத்துக் களைத்தபின் வரும் தலைவலி, எனக்குப் படுத்து எழுந்தவுடன் வந்தது. விழித்ததும் தலை முழுக்கத் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு பாரம். எழுந்து நடமாடினால் சற்றுக் குறையும். இதை வெளியில் சொன்னதுதான் நான் செய்த பிழை. என் மனைவி சரசுவதி கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றினாள்; அடுப்பில் போட்டபின் வந்த இருமலில் தலைவலி இரட்டித்தது. சின்ன முதலாளி என் கழுத்தை ஒட்டிய உருத்திராக்கத்தைக் காட்டி, அதுதான் இறுக்குகிறது, கழற்றிவிடுங்கள் என்றார். அவர் கழுத்தில் டை இருந்தது. பேருந்து நிலையத்தருகே முடிதிருத்துபவர் இரண்டு கையாலும் என் தலையைப் பற்றி, ஒரே சொடுக்கில் சரிசெய்வதாக வாக்களித்தார். நல்லவேளையாக அவருக்கு அப்போது கைப்பேசியில் அழைப்பு வந்தது, நான் எழுந்து வந்துவிட்டேன்.

பேக்கிங் பிரிவு மேலாளர் கற்றறிந்தவர். மூளைக்கு ரத்தம் போதவில்லை, தினமும் தலைகீழாக நில்லுங்கள் என்றார். அறுபத்திரண்டு வயதில் சுவரில் கால்களைச் சாய்த்து நின்றேன். பத்து எண்ணுவதற்குள் கண்முன் சாம்பல் நிறத் திரையொன்று இறங்கியது. எதிரே நின்ற சரசுவதியின் கால்கள் மறைந்துபோயின. கீழே இறங்கிய பிறகும் சற்று நேரம் திரை விலகவில்லை. அன்று முதன்முறையாக அஞ்சினேன். செக்கிங் செய்பவனுக்குக் கண்ணை விட்டால் வேறென்ன உண்டு? காலைப் பதிகத்துக்கும் அதுவே வாசல்.

திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் இப்ராகிம் பாய் என் நெடுநாள் நண்பர். அவரும் ஒரு தைலம் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்கு ஒரு தேநீர் சொன்னார், பிறகு சொன்னார்:

“அய்யா, தலைவலி நம்ம காதர்பேட்டை மாதிரிங்க. வர்றவன் போறவன் எல்லாம் ஒரு வெலை சொல்லுவான். நீங்க போய்க் கண்ணு டாக்டரைப் பாருங்க.”

கவர் பிரிக்காத நாற்காலிகள்

நான் பாய் சொன்னபடி உடனே போனேனா? இல்லை. அந்த வாரம் ஆடிட் இருந்தது. எங்கள் சட்டைகளை வாங்கும் அயல்நாட்டு நிறுவனம், தொழிலாளர் நலமாக இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பும் சடங்கு அது. முதல் நாளே கோடவுனிலிருந்து சாய்மானம் வைத்த புதிய நாற்காலிகள் வந்திறங்கின. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. திரும்ப உள்ளே வைக்கும்போது தூசி படியக் கூடாதாம். ‘கழுத்தை நேராக வைத்துப் பணி செய்க’ என்ற பலகை ஒன்றை உத்தரத்தை ஒட்டி மாட்டினார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் தலையைப் பின்னால் முதுகு வரை வளைக்க வேண்டும்.

ஆடிட்டர் நல்ல பெண்மணி. உங்களில் யாருக்காவது கழுத்து வலி, தலைவலி உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பழனிசாமி முந்தின நாள் பழக்கிவிட்டபடி மேசை முழுவதும் ஒரே குரலில் இல்லை என்றது. அந்தக் குரலில் என் குரலும் இருந்தது. பொய் சொல்லாமை குறித்து அன்று காலைதான் ஓதியிருந்தேன். மாலையில் நாற்காலிகள் உறையோடு கோடவுனுக்குத் திரும்பின. என் பக்கத்து இருக்கையில் பணிபுரியும் செல்வி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர், நாற்பதைக் கடந்தவர், நாக்கில் உப்பும் காரமும் குறையாதவர். நாற்காலிகள் போவதைப் பார்த்தபடியே சொன்னார்:

“அதுகளுக்காவது நோவு வராம மூடி வச்சிருக்காவ. குடுத்து வச்ச நாக்காலி, அண்ணாச்சி.”

சுண்டுவிரல் நுழைந்த ஓட்டை

ஆடிட் முடிந்த கையோடு குழந்தைச் சட்டைகள் ஒரு லாட், அதாவது ஒரு தொகுதி, என் மேசைக்கு வந்தது. கழுத்துப் பட்டி தலை நுழையுமளவு விரிகிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, என் எண் பதித்த ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. பட்டிக்குக் கீழே ஊசி வெட்டிய ஓட்டைகள். ஒன்றல்ல, வரிசையாக. எல்லாவற்றிலும் என் எண். முப்பது ஆண்டுகளில் என் எண்ணுக்கு நேர்ந்த முதல் அவமானம்.

எனக்குக் காரணம் தெரியும். தாடையை இடுக்கித் திரும்பும்போதெல்லாம் கண்ணில் அந்தச் சாம்பல் திரை இறங்கத் தொடங்கியிருந்தது. நான் விரல்களின் பழக்கத்தால் ஓட்டிவந்தேன். கோவிலிலும் அதே திருட்டுத்தான். எழுத்துகள் நீரில் மிதந்தன. ஆனால் பதிகங்கள் மனப்பாடம் என்பதால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பவன் போல் ஓதினேன். கண்ணிழப்பதை மறைக்க மனப்பாடத்தைப் போல் வசதியான திரைச்சீலை வேறில்லை, அன்பர்களே.

செல்வி அந்தப் பெட்டியைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார். பழனிசாமியின் பார்வைக்குப் போகுமுன் எல்லாவற்றையும் பிரித்து, கெட்டவற்றை ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரு சட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்து, ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினார். விரல் என் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கே ஆட்டுகிறார் என்று தேடினேன். அவர் முகம் மாறிவிட்டது.

“அண்ணாச்சி, இதுல என் சுண்டுவிரலே போவுது. சட்டையை நான் பாத்துக்கிடுதேன். நீங்க இன்னைக்கே கண்ணைக் காட்டணும், இல்லன்னா நானே மொதலாளிட்ட சொல்லிருவேன்.”

சுத்தமான படம்

கண் மருத்துவர் சொட்டு மருந்து ஊற்றி உள்ளே நோக்கினார். கண்ணில் குற்றமில்லை, கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, காலம் தாழ்த்தினால் பார்வை போய்விடும் என்றார். அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். அது வெளியேறிய வேகத்தைப் பார்த்த மருத்துவர் தாதியைப் பார்த்தார், தாதி மருத்துவரைப் பார்த்தார், நான் இறைவனைப் பார்த்தேன்.

கட்டி ஏதும் இருக்குமோ என்று மூளையைப் படமெடுத்தார்கள். மல்லாத்திக் கிடத்தி, தலையின் இருபுறமும் மெத்தை செருகி, அசையாதீர்கள், நேராகப் பாருங்கள் என்றார்கள். நான் நேராகப் பார்த்தேன். படமும் நேராக வந்தது. கட்டியில்லை, அடைப்பில்லை, கசிவில்லை. அழுத்தம் இருப்பதோ உண்மை. எங்கிருந்து வந்தது என்பது எவருக்கும் தெரியவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து மறுபடி வரச்சொன்னார்கள். திரும்பத் திரும்பப் போனேன். படமெடுக்கும் பணியாளர் ஒருமுறை உறையை என் கையில் கொடுத்தபடி ஆறுதலாகச் சொன்னார்:

“படத்துல எல்லாஞ் சுத்தமா இருக்குதுங்க. கஷ்டம் உங்ககிட்ட மட்டுந்தானுங்க இருக்குது.”

மருத்துவரின் வெள்ளைக் கோட்டு

அதன்பின் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். இளையவர். படங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அதுவரை எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள்? வாயால் சொன்னேன், விளங்கவில்லை. அவருடைய நாற்காலியில் வெள்ளைக் கோட்டு தொங்கியது. அனுமதி கேட்டு அதை எடுத்து, தாடையில் இடுக்கி, தலையை இடப்பக்கம் திருப்பித் தாழ்த்தி, வழக்கம்போல் தையல் ஓட்டினேன். இடப் பைக்குக் கீழே தையல் விட்டிருந்தது, அதைச் சொன்னேன். அதற்குள் காதில் உஸ் என்ற சத்தம் கடல்போல் எழுந்தது, திரை இறங்கியது, மருத்துவர் முகம் மறைந்தது. தலையை நேராக்குங்கள் என்று அவர் குரல் மட்டும் கேட்டது. நேராக்கினேன். திரை விலகியது. இன்னொரு முறை என்றார். இன்னொரு முறையும் அவர் மறைந்து வந்தார். பக்கத்திலிருந்த சரசுவதி, ஊட்ல ஒரு குடம் தூக்கச் சொன்னாக் கழுத்து வலிக்குதும்பாருங்க, கம்பெனியில முப்பது வருசமா இந்தக் கூத்தாடியிருக்காருங்க என்று தன் பங்கையும் பதிவு செய்தாள்.

இம்முறை கழுத்தைப் படமெடுத்தார்கள், கையின் ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி, தலையை நேராக வைத்து ஒன்று, திருப்பி வைத்து ஒன்று. மருத்துவர் விளக்கினார். மூளைக்கு ஏறிய ரத்தம் இறங்கிவரக் கழுத்தின் இருபுறமும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் உண்டு. எனக்கு வலப்புறக் குழாய் பிறவியிலேயே ஒடுக்கம். பாரமெல்லாம் இடக் குழாயின் மேல். காதுக்குக் கீழே இறங்கும் எலும்பு முள் எனக்குச் சற்று நீளம். நான் தலையைத் திருப்பித் தாழ்த்தும்போதெல்லாம் அந்த முள்ளும் கழுத்தின் முதல் எலும்பும் சேர்ந்து குழாயை நசுக்குகின்றன. ஏறும் வழி திறந்திருக்க, இறங்கும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடாமல் என்ன செய்யும்? உருத்திராக்கத்தின் மேல் குற்றமில்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு மணி தளர்த்திக் கட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இறுகிய கழுத்து, தலை நுழையாத கழுத்து. பிறர் தைத்ததாக இருந்தால் ஒரே நொடியில் ஒதுக்கியிருப்பேன். என்னைத் தைத்தவனிடம் ஆல்ட்ரேஷனுக்குத் திருப்பி அனுப்பும் வழிதான் புலப்படவில்லை. மாத்திரையைத் தொடருங்கள், தாடைப் பிடியை இன்றோடு விடுங்கள், நரம்பு வீக்கம் வடியாவிட்டால் அந்த எலும்பு முள்ளை அறுவை செய்து குறைக்க வேண்டிவரும் என்றார் மருத்துவர். கிளம்பும்போது கோட்டின் பைக்கடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இதுல தையல் விட்டதை ஒரு நிமிசத்துல சொல்லிட்டீங்க. உங்க கழுத்துல இருக்கறதைச் சொல்ல எங்களுக்கு ஆறு மாசம் ஆயிருக்குதுங்க.”

மேலே ஒரு படம், கீழே நான்

அறுவை தேவைப்படவில்லை. மாத்திரையும் நேரான கழுத்துமாகச் சில மாதங்கள் கழிந்தபின் நரம்பு வீக்கம் வடிந்தது. காதுச் சத்தம் அடங்கியது. இடக் கண்ணின் ஓரத்தில் ஒரு நிழல் மட்டும் தங்கிவிட்டது. அது இனி விலகாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். சற்று முன்னரே வந்திருந்தால் அதுவும் தங்கியிராது. ஆடிட் முடியட்டும் என்று நான் காத்திருந்த வாரத்துக்கும், மேசையோடு சேர்ந்து இல்லை என்று சொன்ன பொய்க்கும், அந்த நிழல் என் கூடவே இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்பிய அன்று வாசலில் நின்று பார்த்தேன். அத்தனை தலைகளும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. எல்லோருக்கும் என் எலும்பு இல்லை, எல்லோருக்கும் இது வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆயினும் அந்தச் சாய்வு என்னிடமிருந்து போனது. மேசை மேசையாகப் போய், விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். விட்டால் எதில் மாட்டுவது என்று கேட்டார்கள். நியாயம். செல்விதான் வழி கண்டார். வேஸ்ட்டாகக் கிடந்த எலாஸ்டிக் பட்டையை மேசையின் குறுக்கே இழுத்துக் கட்டி, வீட்டிலிருந்து துணி காயப்போடும் கிளிப்புகளைக் கொண்டுவந்து, சட்டையைத் தோளில் கவ்வித் தொங்கவிட்டார். முப்பது ஆண்டுகளாக எனக்குத் தோன்றாத மூன்றாவது கை.

சின்ன முதலாளி அடுத்த ஆடிட்டில் அந்தக் கிளிப்பு வரிசையைக் காட்டி, எங்கள் நிறுவனத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அறிமுகம் செய்தார். அத்துடன் நில்லாமல், நான் தாடைப் பிடியில் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி, ‘தவறான நிலை’ என்று சிவப்பில் எழுதி, கண்ணாடிச் சட்டமிட்டு, அதே உத்தரத்தில் மாட்டினார். எதையும் அழகாகச் செய்பவர் ஆதலால் அதைச் சுற்றி ஒரு சீரியல் விளக்கும் போட்டார். மறுவாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், செல்வியின் ஊர்க்காரி, படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே உட்கார்ந்திருந்த என்னைக் கவனியாமல் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“நல்ல மனுசரா தெரியுதாவ. எப்ப தவறுனாவ, அக்கா?”

விட்டுப்போன பாட்டு

கண் தெளிந்தபின் அவிநாசியில் முதன்முறையாகப் புத்தகத்தை விரித்து, உண்மையாகவே பார்த்து ஓதினேன். எழுத்துகள் மிதக்கவில்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்றது. நடுவில் ஒரு பாட்டு வந்தபோது நா நின்றுவிட்டது. மனப்பாடமாக ஓதிய மாதங்களில் அந்த ஒரு பாட்டை நான் தாண்டியே போயிருக்கிறேன். என் மனப்பாடத்திலும் ஊசி வெட்டிய ஓட்டை. அதையும் நானே பாஸ் செய்து அனுப்பியிருக்கிறேன்.

வழக்கமாகப் பக்கத்தில் அமர்ந்து கேட்கும் கோவில் ஓதுவாரிடம் வெட்கத்துடன் இதைச் சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தியே இல்லை. திருநீற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்:

“தெரியுமுங்க. நீங்க பக்கத்தைப் புரட்டாமலே படிச்சீங்க, அப்பவே கண்ணு சரியில்லைன்னு தெரிஞ்சுதுங்க. சாமியே ஒண்ணுஞ் சொல்லாமக் கேட்டுட்டு இருந்தாருங்க, நான் எதுக்குச் சொல்லோணும்னு இருந்துட்டேனுங்க.”

பிறர் பிள்ளைகளின் தலை தடையின்றி நுழைய வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் ஓயாமல் கழுத்தை இழுத்துப் பார்த்தவன், தன் தலையிலிருந்து ரத்தம் இறங்கும் கழுத்தைத் தானே நசுக்கிக்கொண்டு நின்றான் என்பதே இத்தனைக்கும் சாரம்.

இதனைப் படிப்பவரும், பக்கத்திலிருந்து கேட்பவரும், குனிந்த தலையை இப்போதே ஒருமுறை நிமிர்த்தி, நஞ்சுண்ட கண்டன் அருளால் ஏறியது இறங்கி, காது அடங்கி, கண்ணொளி குன்றாது நெடுங்காலம் வாழ்க.